இருபத்தொரு நாள் தொட்டி

போன மார்கழியில் என் வீட்டு மீன்தொட்டி பத்தே நாளில் காலியானது. ஞாயிற்றுக்கிழமை நான்கு பிளாட்டி வாங்கி வந்து விட்டேன். புதன்கிழமை பார்த்தால், ரவையைத் தூவியதுபோல் அவற்றின் வாலில் வெள்ளைப் புள்ளிகள். அடுத்து மோலிகளுக்கு வந்தது. ஆறு வருஷமாக என்னோடிருந்த ஏஞ்சல் ஜோடி கடைசியாகப் போயிற்று. கடைக்காரரிடம் சொன்னேன். “வாங்கும்போது நல்லாத்தானே சார் இருந்துச்சு” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நல்லாத்தான் இருந்தன. அது எப்படி என்று கேட்டுப் புலம்பியதைப் பொறுக்காமல்தான் நண்பர் என்னைக் கொளத்தூருக்கு அழைத்துப் போனார்.

வண்ண மீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தான். கடைவீதியை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின்னாலிருக்கிற சந்துகளிலும், செங்குன்றம், பொன்னேரி வரைக்கும் வீட்டுக் கொல்லைகளிலும் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிற குடும்பங்களைத்தான் தெரியாது. நாங்கள் போனது அப்படியொரு வீடு. ஐம்பதைக் கடந்த ஒரு அக்கா, கொல்லையில் 18 தொட்டி, எல்லாம் குப்பி மீன்.

ஆனால் அவர் முதலில் காட்டியது கொல்லையை அல்ல. மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், 2 அடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று. 50 லிட்டர் பிடிக்கும். மணல் இல்லை, செடி இல்லை, விளக்கும் இல்லை. மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அடியில் மீன் ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பிவிசி குழாய். மூலையில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே தாய்லாந்து வகைக் குப்பிகள் ஆறு ஜோடி. ஒரே குடும்பத்து மீன்களே திரும்பத் திரும்ப இனம் பெருக்கினால் வாலும் நிறமும் குன்றிவிடும் என்பதால் புது ரத்தம் வாங்கியிருக்கிறார். வந்து 14 நாள். சுவரில் சாக்பீஸால் 14 கோடு.

“21 கோடு ஆகாம கொல்லைப்பக்கம் போகாது தம்பி.”

ஏன் 21? வெள்ளைப் புள்ளி என்பது இக்தியோப்தீரியஸ் என்னும் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் புகுந்து தின்று வளரும். வளர்ந்ததும் உதிர்ந்து தரையில் ஒட்டி, உறை கட்டி, உள்ளே நூற்றுக்கணக்காகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் வெளியே நீந்திவந்து ஓரிரு நாளுக்குள் இன்னொரு மீனைப் பிடித்தாக வேண்டும், கிடைக்காவிட்டால் சாவு. 25 டிகிரியில் இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு வாரம், ஆக 21 நாளில் மூன்று சுற்று. மார்கழிக் குளிரில் இன்னும் நீளும். அக்கா இதை வேறுவிதமாகச் சொன்னார்: “புள்ளி தெரியிறப்ப மருந்து அதைத் தொடாது. தோலுக்குள்ள உக்காந்துகினு இருக்கும். கீழ விழுந்து, குட்டி போட்டு, நீஞ்சி வர்றப்பதான் அடிக்கணும்.” அதனால்தான் மணல் போடுவதில்லை. உதிர்ந்ததைத் தினமும் ரப்பர் குழாய் வைத்து அடியோடு உறிஞ்சி எடுத்துவிடுகிறார். லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் கல் உப்பு. மற்ற மருந்துகளைப் பற்றியும் விரிவாகச் சொன்னார். அளவு தப்பினால் மீனையே கொல்லும் சங்கதி என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

எனக்கு அந்த ஸ்பாஞ்ச்தான் பிடிபடவில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதைத் தின்று மாற்றுகிற பாக்டீரியா புதுத் தொட்டியில் கிடையாது. ஊறிவர நாலைந்து வாரம் பிடிக்கும். புது மீன் வருகிற நாளில் தொட்டி வைத்தால்? “அதுக்குத்தான் உறை” என்றார். கொல்லையின் பழைய தொட்டி ஒன்றில் எப்போதும் ஒரு ஸ்பாஞ்ச் கூடுதலாக ஊறிக்கொண்டிருக்கிறது. சரக்கு வருகிற அன்று அதை எடுத்து இங்கே வைத்துவிடுவார். பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல. இங்கே வந்த ஸ்பாஞ்ச் மறுபடி கொல்லைக்குப் போவதில்லை. 21 நாள் முடிந்ததும் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைப்பார்.

வலையும் அப்படித்தான். இந்தத் தொட்டியின் வலைப் பிடியில் சிவப்புத் துணி. அது கொல்லைக்குப் போகாது. தீனி போடுவதும் கொல்லைத் தொட்டிகளுக்கு முதலில், இதற்குக் கடைசியில். பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவி, முழங்கைவரை துடைத்துக்கொள்கிறார்.

இந்தக் கண்டிப்பு வந்த கதையைக் கேட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொல்லைச் சுவருக்கு மேலே தண்ணீர் போயிருக்கிறது. முக்கால்வாசி மீன் தெருவோடு போய்விட்டது. மிஞ்சியவற்றைக் குடத்திலும் அண்டாவிலும் வைத்துக் காப்பாற்றினார்கள். தண்ணீர் வடிந்த இரண்டாம் வாரமே கடன் வாங்கிப் புதுத் தாய்மீன்களை இறக்கி, மிஞ்சியவற்றோடு விட்டார். வட்டி ஓடுகிறதே என்ற அவசரம். “வெள்ளம் விட்டுட்டுப் போனத நான் கொன்னேன்.” சொல்லிவிட்டுச் சற்று நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு இந்தத் தொழிலுக்குத் திரும்பவில்லை. இப்போது ஆட்டோ ஓட்டுகிறார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தரகரின் போன். கொல்லைக் குப்பிகளை இன்றே ஏற்றிவிடச் சொல்கிறார். அவர் எடுத்துப்போய், இரண்டு நாள் கழித்து உயிரோடிருப்பதை மட்டும் எண்ணிக் காசு தருவார். செத்தது அக்கா கணக்கு. இருபத்தொரு நாளின் கரண்டும் தீனியும் உழைப்பும் யார் கணக்கு என்று கேட்டால் பதில் இல்லை. நோயில்லாத மீனுக்கும் நோயுள்ள மீனுக்கும் ஒரே விலை. கண்ணுக்குத் தெரியாத நலத்துக்கு ஒரு பைசா கூடுதல் கிடையாது. அப்படியிருக்க, எத்தனை வீடுகளில் ஒரு தொட்டியைச் சும்மா ஒதுக்கிவைக்க முடியும்? தரகர் காத்திருப்பதில்லை. பல ஊர் மீன்கள் ஒரே இரவில் ஒரே தண்ணீரில் கலக்கின்றன. கடைக்காரரும் காத்திருப்பதில்லை, காலையில் வந்த கவர் மாலைக்குள் விற்றாக வேண்டும். அத்தனை பேரும் தவிர்த்த காத்திருப்பு கடைசியில் வாங்குகிறவன் வீட்டில் வந்து இறங்குகிறது. என் தொட்டிதான், எனக்குத் தெரியாமலே, அந்தத் தனித்தொட்டி. அதற்குள் என் ஏஞ்சல்கள் இருந்தன. இதை நினைக்க எனக்கு இப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. அக்காவுக்கோ ஆத்திரப்பட நேரமில்லை. “புது மீனு தேறட்டும், இன்னும் ஏழு நாள்ணா” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

கிளம்பும்போது, உறைக்கு ஒரு ஸ்பாஞ்ச் தர முடியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டார்.

“என் தொட்டித் தண்ணி உங்க வீட்டுக்கு வரக் கூடாது தம்பி. இத்தனை நேரம் என்ன சொன்னேன்? உங்க தொட்டி இப்ப காலிதானே? கழுவாதீங்க. பம்ப நிறுத்தாதீங்க. புது ஸ்பாஞ்ச் ஒண்ணு வாங்கிப் போடுங்க. தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க.”

“மீனே இல்லையேக்கா?”

“மீனுக்கில்ல. உறைக்கு.”

மீன் இல்லாவிட்டால் ஒட்டுண்ணி பட்டினியில் சாகும். தீனி அழுகி வரும் அம்மோனியாவில் பாக்டீரியா பிழைக்கும். ஒரு மாதம் போகட்டும், அப்புறம் மீனைப் பற்றி யோசிக்கலாம் என்றார். கடைவீதியில் ஸ்பாஞ்ச் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். காலையில் காப்பிக்கு முன்னால், யாருமில்லாத தண்ணீரில் ஒரு சிட்டிகை தீனி தூவுகிறேன். சுவரில் இன்று பதினோராவது கோடு.