உரிமை என்னும் சொல்

பழைய டிரங்குப் பெட்டியொன்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது, நம் கொள்ளுப் பாட்டனார் நிலம் வாங்கிய கிரயப் பத்திரம் அகப்பட்டது. வாங்கியவர் 'சர்வ சுதந்திர பாத்தியமாய்' அனுபவித்துக்கொள்ள வேண்டியதென்று அதில் கண்டிருந்தது. பக்கத்தில் நின்ற வீட்டுச் சிறுவன், "நன்செய்க்குக்கூடச் சுதந்திரம் கொடுத்தார்களா?" என்றான்.

அந்நாளில் சுதந்திரம் என்பது கொடியேற்றும் சங்கதி அன்று. அறுவடைக் களத்தில் கிராம ஊழியர்களுக்கு அளந்துவிடும் நெல்லுக்கும் அதுவே பெயர். கேளாமலே வந்து சேர வேண்டிய பங்கு. பாத்தியமும் அவ்வினமே. இன்று இவ்விரண்டின் பாரத்தையும் 'உரிமை' என்னும் ஒரே சொல் சுமக்கிறது.

நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் கோர்ட்டில் அதற்கு ஒரு முகம், வீட்டில் ஒரு முகம். 1950-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சாசனம் சில உரிமைகளுக்கு 'அடிப்படை' என்று முத்திரை வைத்தது. அவற்றைப் பறித்தால் சுப்ரீம் கோர்ட்டுக்கே நேரே போகலாம் என்கிறது 32-ஆவது ஷரத்து. அப்படிப் போவதும் ஓர் அடிப்படை உரிமையே. டாக்டர் அம்பேத்கர் அந்த ஷரத்தைச் சாசனத்தின் ஆன்மா என்று சொன்னது இதனால்தான். யாருடைய தயவையும் வேண்டாத உரிமை அது.

வீட்டு உரிமையோ வேறு. 'உரிமையோடு வந்து சாப்பிட்டான்' என்கிறோமே, அது பிரியத்தினால் வருவது, மனஸ்தாபத்தில் போய்விடும்.

நம் அத்தையார் இளமையிலேயே கணவரை இழந்து பிறந்தகம் வந்தவர். "உனக்கில்லாத உரிமையா, அம்மா!" என்று அண்ணன்மார் வாயார உபசரிப்பார்கள். அவர்களில் நம் தகப்பனாரும் ஒருவர். பொங்கல் தவறாமல் புடைவை வரும். கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்குச் சமமான பங்கு உண்டென்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் திருத்தப்பட்டதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, அத்தையார் ஒரு நாள் மெதுவாகப் பேச்செடுத்தார். அந்த வருஷம் புடைவை வரவில்லை.

திருத்தத்திலும் அவருக்கு இடமில்லை. அது அமலாகுமுன் மணமான பெண்களை அது விலக்கி வைத்திருந்தது. நாம்தான் வக்கீலிடம் விசாரித்து வந்து சொன்னோம். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு, அரிசி களையப் போய்விட்டார்.

தேசம் முழுவதற்குமான 2005-ஆம் வருஷத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அது வந்தபோது அத்தையாரும் இல்லை.