தோல் வாஷர்

கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குச் சமீபமாக நாங்கள் குடியிருக்கும் சந்தின் முனையில், நடைபாதையை ஒட்டி ஓர் அடிபம்பு உண்டு. சென்ற வைகாசியில் ஒருநாள் காலை, அதன் தலையைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளிருந்த கம்பியை முழம் முழமாக வெளியே இழுத்துக்கொண்டிருந்த வயோதிக மிஸ்திரி, அதன் நுனியில் தேய்ந்து கறுத்திருந்த கிண்ண வடிவத் தோல் வாஷரை என் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் ஏறாததற்கு இதுதான் காரணம் என்று வங்காளியில் சொன்னபோது, புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் நான் பார்த்த, நீர் இறைக்கும் காற்றாலைதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

கல்கத்தாவில் பிறந்த அரவிந்தர் 1910-இல் கப்பலேறிப் புதுச்சேரி சேர்ந்தார். நான் போனது ரயிலில், அதுவும் ஞானத்தை நாடியல்ல, பம்பு பார்க்க. 1968-இல் ஆரோவில் தோன்றியபோது வறண்ட செம்மண் காடாக இருந்த அந்த மேட்டில், நீர் இறைப்பதற்காக அங்கேயே உருவாக்கிய ஏவி-55 என்ற யந்திரத்திற்கு 24 இறக்கைகள்; சக்கரத்தின் குறுக்களவு 5.7 மீட்டர். மின்சாரக் காற்றாலையின் மூன்று நீண்ட இறக்கைகள் வேகத்தை நாடுபவை; இதுவோ இளங்காற்றிலேயே கிளம்பி, நிதானமாகச் சுற்றி, அந்தச் சுழற்சியை ஏற்ற இறக்கமாக மாற்றி, கீழே கிணற்றுக்குள் நம் சந்து பம்பில் உள்ளதைப் போன்ற பிஸ்டனையே இழுக்கிறது. கைக்குப் பதில் காற்று, வேறு பேதமில்லை.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் பலம் எட்டு மடங்காகும் என்பது கணிதம். அந்தக் கணிதத்தைப் படிக்காத தொழிலாளி ஒருவர், கிரீஸ் டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, விடியுமுன்பே அந்தக் காற்றாலையின் கோபுரத்தில் ஏறினார். "காத்து எழும்புறதுக்குள்ள இறங்கிடணும் சார்" என்றார். பிறகு கீழே வந்து, அசையத் தொடங்கிய கம்பியை இரண்டு விரல்களால் தொட்டு, ஒரு கணம் கண்ணை மூடி, "வாஷர் இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்றார்.

1980-களில் அரசாங்கம் மானியம் கொடுத்து ஊர் ஊராக நட்ட '12 பியூ 500' காற்றாலைகளுக்கு, அதாவது 12 இறக்கையும் 500 சென்டிமீட்டர் குறுக்களவும் உடையவற்றுக்கு, இப்படிக் கோபுரம் ஏறும் ஒருவரை ஊர்தோறும் நியமித்திருந்தால் அவை அத்தனை சீக்கிரம் துருப்பிடித்திரா என்பது என் அபிப்பிராயம். தமிழ்நாட்டு விவசாயிக்கு மின்சாரம் இலவசமாகி, கிணற்று நீரும் பாதாளத்துக்கு இறங்கிவிட்டதை மறந்து நான் இதைச் சொல்லவில்லை.

இதையெல்லாம் என் ஓட்டை வங்காளியில் மிஸ்திரியிடம் விவரித்தேன். அவர் வடமேற்குத் திசையை நிமிர்ந்து பார்த்தார். காலவைசாகி என்னும் புயல்களின் பருவம் அது. "இந்த ஊர்க் காற்றா, தாதா? வந்தால் கூரையைத் தூக்கிக்கொண்டு போகும், வராவிட்டால் இலைகூட அசையாது" என்றார். அப்படிப்பட்ட புயலில் ஏவி-55 தன் வாலை மடித்து, முகத்தைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளும் சூட்சுமத்தைச் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் தலையசைத்தார்.

பின்பு புதுத் தோலொன்றை எடுத்து, கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றி அழுத்தி வளைத்து, எண்ணெய்க் கிண்ணத்தில் போட்டு, ஊறட்டும் என்று சொல்லிவிட்டு, குடங்களோடு காத்து நின்ற பெண்களின் முணுமுணுப்பைச் சற்றும் பொருட்படுத்தாமல் எதிர்க் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனார்.