நீக்கப்படவிருக்கும் பொதிகள்

உரையாசிரியர் ஒருவரின் ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு வகுப்பில் ஒரு மணிநேரம் பேசும் நாம், சென்ற கோடை விடுமுறையில் கணினி கேட்ட கேள்வியைப் படியாமலே 'ஒய்' என்று அடித்தோம்.

துறைக் கணினியில் இருப்பது டெபியன் லினக்ஸ். பழைய அச்சு நூல்களின் பக்கப் படங்களை எழுத்தாக்க டெசராக்ட் மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டியிருந்தது. நிலைத்த வெளியீட்டில் பழையதே கிடைத்தமையால், சோதனை வெளியீட்டின் களஞ்சிய முகவரியை ஒரு வரியாகச் சேர்த்தோம். வினை அங்கே தொடங்கிற்று. எந்த நூலகம் எந்தப் பதிப்பில் தனக்கு வேண்டும், எதனோடு தான் சேராது என்பதை ஒவ்வொரு பொதியும் தன் குறிப்பிலேயே சொல்லிவிடுகிறது. புதிய டெசராக்ட் புதிய நூலகங்களை அழைத்து வந்தது. அவற்றோடு இணங்காதவை வெளியேற வேண்டியதாயிற்று. நீக்கப்படவிருக்கும் பொதிகளை ஏபிடி பட்டியலிட்டுக் காட்டித்தான் இசைவு கேட்டது. நாம்தான் படிக்கவில்லை.

மறுமுறை கணினியை இயக்கியபோது தமிழ்99 விசைப்பலகையைக் காணோம். அதனைத் தரும் ஐபஸ்-எம்17என் பொதி போயிருந்தது. மாணவி ஒருவரின் ஆய்வேட்டில் கடைசி இயல் பாதியில் நின்றது. ஒப்படைக்க நான்கே நாள். "பரவாயில்லை ஐயா, மிச்சத்தைக் கையால் எழுதி வருகிறேன்" என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நீக்கியவற்றின் பெயர்களை நாளும் நேரமுமாக ஏபிடி தன் வரலாற்றுக் கோப்பில் எழுதி வைத்திருந்தது, சுவடியின் கடைசி ஏட்டில் எழுதியவர் இடும் குறிப்பைப் போல. சேர்த்த வரியை அழித்து, பட்டியலைப் புதுப்பித்து, ஐபஸ்ஸை மீண்டும் நிறுவ முயன்றோம். சார்புகள் நிறைவேறவில்லை என்று மறுத்தது. களஞ்சியத்தை நீக்கினாலும் அங்கிருந்து வந்த நூலகங்கள் கணினிக்குள் குடியிருந்தன; ஐபஸ்ஸோ பழைய பதிப்பைக் கேட்டது.

பிறகு ஆப்டிடியூடை நாடினோம். அது தீர்வுகளை ஒவ்வொன்றாக முன்வைக்கும். முதல் தீர்வு: நிறுவாமலே இருந்துவிடுவது. (இத்தகைய அறிவுரையைத் துறைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்.) இரண்டாவது, திரைச்சூழல் முழுவதையும் நீக்கச் சொன்னது. மூன்றாவது, இரண்டு நூலகங்களை மட்டும் நிலைத்த பதிப்புக்கு இறக்கியது. இத்தகைய இறக்கத்துக்கு டெபியன் உறுதி தருவதில்லை. பட்டியலை இருமுறை படித்தபின் 'ஒய்' அடித்தோம்.

அன்று மாலையே மாணவி தட்டச்சைத் தொடர்ந்தார். டெசராக்ட் மட்டும் பழையதுதான். துணைக்காலையும் ரகரத்தையும் மயங்குகிறது. உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறோம்.