எதை எழுதுவது, எதை விடுவது



மூன்று மாதமாக நான் எதுவும் எழுதவில்லை. ஏன் என்று சிலர் போனில் கேட்டீர்கள். 1991-ல் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு மாணவர் மட்டும் வேறு மாதிரி கேட்டார்: "சார், பள்ளிக்கூடத்தைப் பத்தி எழுதுறீங்க, இலக்கணம் எழுதுறீங்க, உங்களைப் பத்தி ஒண்ணுமே வரமாட்டேங்குதே?" வகுப்பிலும் அவர் இப்படித்தான், எழுந்து நின்று நேராகக் கேட்டுவிடுவார்.

என்னைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமில்லை. கடன் வாங்கித்தான் பி.எட். படித்தேன். முதல் மாதச் சம்பளத்தில் பாதி வட்டிக்குப் போனது. சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. இதையெல்லாம் எழுதிவிடலாம். ஆனால் என் கதை என்று தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே இன்னொருவர் வந்துவிடுகிறார். வட்டி வாங்கியவருடைய பேரன் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறான்.

ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் அதிகம். மாற்றுச் சான்றிதழில் உங்களுக்கு மச்சம் எங்கே இருக்கிறது என்பது வரை எழுதியவன் நான். யார் காலையில் சாப்பிடாமல் வந்தது, யார் ஒன்பதாவதோடு ஏன் நின்றது, யாருடைய அப்பா குடித்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார், எல்லாம் தெரியும். பெயரை மாற்றி எழுதலாமே என்பார்கள். நம்மைப் போன்ற சின்ன ஊரில் அது செல்லாது. "தெற்குத் தெரு, இரட்டைப் பிள்ளைகள், அப்பா தச்சர்" என்று எழுதினால் போதும், மீதியை ஊரே சொல்லிவிடும்.

போன வருடம் ஒரு மாணவி, தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றபோது நான் கட்டியதாகத் தன் பக்கத்தில் எழுதினார். அதை எழுத வேண்டியவர் அவர்தான். நான் எழுதியிருந்தால் பெருமை எனக்கும் வறுமை அவருக்கும் போயிருக்கும். இத்தனைக்கும் நடந்தது ஒன்றேதான். அதைப் படித்த உறவினர் ஒருவர், "வேற யாருக்கெல்லாம் கட்டினீங்க?" என்று ஆவலாகக் கேட்டார். மறந்துவிட்டது என்றேன். மறக்கவில்லை.

உண்மையை எழுதுவதற்கு எல்லை உண்டா, காந்தி எழுதவில்லையா என்று கேட்பீர்கள். 'சத்திய சோதனை' 1925 முதல் நவஜீவன் இதழில் தொடராக வந்தது. டர்பன் வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாவின் மலச்சட்டியை எடுப்பது பற்றி மனைவியோடு சண்டை போட்டு, அவரைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனதை அதில் எழுதியிருக்கிறார். தன்னைக் குற்றவாளியாக நிறுத்தித்தான் எழுதினார். அந்தத் துணிச்சலை வகுப்பில் எத்தனையோ முறை பாராட்டிப் பேசியிருக்கிறேன். ஆனால் அன்று அழுத கஸ்தூர்பாயைப் பற்றியும் நாடே படித்தது. அவர் 1944 வரை உயிரோடு இருந்தார். அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் அடிக்கடி யோசிக்கிறேன்.

'நண்பர்கள் மட்டும்' என்று வைத்துக்கொள்ளலாமே என்று என் மகன் சொல்கிறான். என் நண்பர் பட்டியலில் பாதி ஊர் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாதவர் இன்று யார்?

இந்த மூன்று மாதமும் வீட்டில் என் துணைவியாருக்கு உடம்பு சரியில்லை. ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது எழுத வேண்டும் என்று கை துடித்தது. எழுதினால் மனசு லேசாகும், நீங்கள் எல்லோரும் ஆறுதல் சொல்வீர்கள், அது எனக்கு வேண்டியும் இருந்தது. ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். ஆனால் பயம்தான் என்னுடையது, உடம்பு அவருடையது. வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆபரேஷன் ஆச்சு, தேறி வர்றேன்னு மட்டும் போடுங்க. என்ன ஆபரேஷன்னு வேண்டாம். போட்டோ வேண்டவே வேண்டாம்" என்றார்.

அதன்படி தெரிவித்துக்கொள்கிறேன். ஆபரேஷன் ஆகிவிட்டது, தேறி வருகிறார். பார்க்க வர நினைப்பவர்கள் மாலை 5 மணிக்கு மேல் வரலாம். என்ன ஏது என்று அவரிடம் கேட்க வேண்டாம், தோன்றினால் அவரே சொல்வார். இனிப்பு வாங்கி வந்தால் அவர் கையில் கொடுங்கள், என் கண்ணில் காட்டாதீர்கள்.