பெயர்ப் பலகைக்கு எதிரே

காலை எட்டே முக்கால். ராமநாதபுரத்தில் வெயில் அதற்குள் ஏறிவிட்டது. சுவார்ட்ஸ் மேல்நிலைப் பள்ளிக்குச் சற்றுத் தள்ளி வேப்பமர நிழலில் நிற்கிறேன். ஷேர் ஆட்டோக்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் புழுதி கிளப்பிப் போகின்றன.

பாம்பன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெரியவரும் பேரனும் நடந்து வருகிறார்கள். பையனுக்குப் புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. பெரியவரின் விரல் மடிப்புகளில் வலைக்கயிறு அறுத்த பழைய தழும்புகள். அந்த விரல்களில் ஒரு சின்னத் தூக்குவாளி தொங்குகிறது.

பையன் பள்ளியின் பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்து எழுத்துக் கூட்டுகிறான்.

"சுவார்ட்ஸுன்னா என்ன தாத்தா?"

"யாரோ வெள்ளைக்காரச் சாமியாரு பேருய்யா. நம்ம கலாம் ஐயா இங்கதான் படிச்சாரு."

கலாம் பெயர் கேட்டதும் பையன் முகம் மலர்கிறது. முதல் பெயரை அவன் அப்போதே விட்டுவிட்டான். எனக்குத்தான் விட மனம் வரவில்லை.

பிரஷ்யாவில் பிறந்த கிறிஸ்டியன் ஃப்ரெட்ரிக் சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை, ஊர் திரும்பவும் இல்லை. லுத்தரன் குருவானவர்தான், ஆனால் சம்பளம் லண்டனிலிருந்த ஆங்கிலிக்கன் சங்கத்தினுடையது. திருச்சிப் பட்டாளத்துக்கு இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தை வைத்தே ஆராதனை நடத்தினார். தமிழோடு மராத்தியும் பாரசீகமும் கற்றார். 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக மைசூரின் ஹைதர் அலியிடம் போனார். ஹைதர் கொடுத்த 300 ரூபாயைக் கம்பெனியிடமே ஒப்படைத்தார்; அவர்கள் திருப்பித் தந்தபோது அது அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது நெல்தான். ஹைதரின் படை தஞ்சைச் சீமையைச் சூறையாடிய காலம். கோட்டைக்குள் பசி. வெளியே நெல் இருந்தும் குடியானவர்கள் மாட்டை அவிழ்க்கவில்லை; முன்பு கொடுத்ததற்கே காசு வந்து சேரவில்லை. ராஜா சொல்லியும் நம்பாதவர்கள், பணத்துக்கு நான் பொறுப்பு என்று இந்தப் பாதிரியார் சொன்னதும் நம்பினார்கள். ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது. அந்நிய நாட்டுக்காரர் ஒருவரின் வாய்ச்சொல்லுக்கு இந்த மண் கொடுத்த மதிப்பு அது. இதைவிடப் பெரிய ஊழியம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு 1785 வாக்கில், தஞ்சை ரெசிடென்ட் ஜான் சல்லிவனோடு சேர்ந்து தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று ஊர்களிலும் ஆங்கிலப் பள்ளிகளுக்கு வழிசெய்தார். இதே சேதுபதி சீமையில், ஓரியூரில், 1693இல் ஜான் டி பிரிட்டோ என்ற பாதிரியாரின் தலை வெட்டப்பட்டது. நூறு ஆண்டு ஆவதற்குள் இன்னொரு பாதிரியாரின் பள்ளிக்கு இங்கே இடம் கிடைத்தது. 1798இல் தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் கண்மூடினார்.

பெரியவரிடம் போய் இதையெல்லாம் சொல்ல நாக்கு துடிக்கிறது. சொல்லவில்லை. பையனின் காலரைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அது அவர்களுடைய நேரம்.

மணி அடிக்கிறது. பையன் கையை உதறிக்கொண்டு ஓடுகிறான்.

"ஏய்யா, சோறு!"

பாதி வழியில் திரும்பி வந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டு கூட்டத்தில் கலக்கிறான். பெரியவர் உடனே கிளம்பவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்க்கிறார். அவர் உதடுகள் மெல்ல அசைகின்றன. சு… வார்ட்… ஸ்.