எனக்கு இப்படி வேண்டும்

உலகெங்கும் பருகப்படும் தேயிலைக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர்களே வழங்குகின்றன. ஒன்று ‘தே’, மற்றொன்று ‘சா’. இரண்டும் சீனத்தில் பிறந்த சொற்கள். கடல்வழி வணிகர் பலர் முதற்சொல்லை எடுத்துச் சென்றனர். தரைவழிச் சென்றோர் இரண்டாவதை எடுத்துச் சென்றனர். நாம் தமிழில் ‘தேயிலை’, ‘தேநீர்’ என்கிறோம். வட இந்தியத் தெருக்களில் அதுவே ‘சாய்’ ஆகிறது. வீட்டுக்குள் தேநீரும் வாசலுக்கு வெளியே சாயும் பருகி வளரும் பிள்ளைகளாகிய நீங்கள், இவ்விரு சொற்களையும் நாள்தோறும் ஆளுகிறீர்கள். ஜப்பானியரும் ‘சா’ என்னும் சொல்லையே கைக்கொண்டனர். அவர்களது ‘மாட்சா’ என்னும் பானம் இன்று நம் நகரங்களின் காபிக் கடைகளுக்கும் வந்துவிட்டது. அரைத்த தேயிலை என்பதே அச்சொல்லின் பொருள்.

மாட்சாவும் நாம் அறிந்த தேயிலைச் செடியிலிருந்தே கிடைக்கிறது. வேறுபாடு வளர்க்கும் முறையில் உள்ளது. இலை பறிப்பதற்கு ஏறத்தாழ 20 நாள்களுக்கு முன்பே செடிகளின்மேல் பந்தலிட்டு வெயிலை மறைக்கின்றனர். நிழலில் நிற்கும் இலை அடர்ந்த பச்சை நிறம் பெறுகிறது. துவர்ப்பைத் தரும் பொருள்கள் அதில் குறைகின்றன; மென்மையான சுவையைத் தரும் தியானின் என்னும் பொருள் மிகுகிறது. பறித்த இலைகளை ஆவியில் காட்டி உலர்த்துவர். காம்பையும் நரம்பையும் நீக்குவர். பின்னர்க் கல் எந்திரத்தில் மாவாக அரைப்பர். ஒரு கல் எந்திரம் ஒரு மணி நேரத்தில் அரைத்துத் தருவது சுமார் 40 கிராம் மட்டுமே. விரைவாகச் சுழற்றினால் கல் சூடேறித் தூளின் மணம் கெடும். மற்றத் தேநீரில் சாற்றைப் பருகி இலையை எறிந்துவிடுகிறோம். மாட்சாவிலோ முழு இலையையும் உட்கொள்கிறோம்.

தேயிலைத் தூளை வெந்நீரில் இட்டு நுரை பொங்க அடித்துப் பருகும் வழக்கம் சீனத்தில் சோங் மரபினர் ஆண்ட காலத்தில் செழித்திருந்தது. 1191ஆம் ஆண்டில் அங்கிருந்து திரும்பிய எய்சாய் என்னும் பௌத்தத் துறவி, அவ்வழக்கத்தை ஜப்பானில் பரப்பினார். தேநீர் உடலுக்குத் தரும் நன்மைகளைக் குறித்து 1211இல் ஒரு நூலும் எழுதினார். பின்னர்ப் பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ என்பவர், தேநீர் விருந்தை எளிமையும் அடக்கமும் நிறைந்த ஒரு கலையாக வளர்த்தார். அவ்விருந்தில் விருந்தினர் எதையும் தெரிவு செய்வதில்லை. எந்தக் கிண்ணம், எவ்வளவு தூள், உடன் உண்ண எந்த இனிப்பு என்பனவற்றையெல்லாம் பருவத்தையும் விருந்தினரையும் எண்ணிப் பார்த்து விருந்தளிப்பவரே முடிவு செய்கிறார். வாய் திறந்து கேட்கவேண்டிய தேவை விருந்தினருக்கு இல்லை.

காபிக் கடையில் நிலைமை நேர்மாறானது. அங்கு விருந்தளிப்பவருக்கு நம்மைத் தெரியாது. ஆகவே அவர் வினவுகிறார். நாம் விடை கூற வேண்டும். சூடாகவா, குளிராகவா? பசும்பாலா, சோயாப் பாலா, ஓட்ஸ் பாலா? இனிப்பு எவ்வளவு? தூள் ஒரு கரண்டியா, இரண்டா? இவ்வினாக்களுக்கு விடை கூறத் தெரிந்தவருக்கே விரும்பிய பானம் கிடைக்கும். கேட்கத் தெரியாதவர் கொடுத்ததைப் பருக வேண்டியதுதான். என் தந்தையாரை இந்த இடத்தில்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அவர் கும்பகோணத்தில் பாத்திரக் கடை நடத்தியவர். நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு அருகிலிருந்த காபிக் கடைக்குச் செல்வார். “டிகாக்‌ஷன் தூக்கலாக, சர்க்கரை பாதியாக, ஆற்றாமல்” என்பார். கள்ளிச்செடியின் பாலைப் போன்று கெட்டியாக இருக்கும் காபியை எங்கள் ஊர்ப் பக்கம் ‘கள்ளிச்சொட்டு’ என்பர். அவருக்கு அதுவே வேண்டும். டிகாக்‌ஷன் நீர்த்திருந்தால் ஒரு வாய் பருகிவிட்டு டபராவோடு திருப்பி அனுப்பிவிடுவார். கடைக்காரரும் சினம் கொள்ளமாட்டார். சுவை அறிந்தவர் என்று மதித்து வேறு காபி அனுப்புவார்.

என் தாயார் மறைந்த பின் அவர் எங்களோடு வாழத் தில்லிக்கு வந்தார். இங்கே அவருக்கு இந்தியும் வரவில்லை, ஆங்கிலமும் போதவில்லை. நீரிழிவு நோயின் பொருட்டுச் சர்க்கரையை விலக்குமாறு மருத்துவர் கூறியிருந்தார். வெளியில் எங்கே அழைத்துச் சென்றாலும், என்ன வேண்டும் என்று கேட்டால், “எதுவாயினும் சரி” என்று ஒரே விடை கூறுவார். எதைக் கொடுத்தாலும் பாதி பருகி வைத்துவிடுவார். காபியைத் திருப்பி அனுப்பிய அந்த மனிதர் எங்கே சென்றார் என்று நான் பலமுறை எண்ணி வருந்தியிருக்கிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பில் பயில்கிறாள். உங்களைப் போன்றே அவளும் தமிழை விருப்ப மொழியாகக் கற்கிறாள். சென்ற தை மாதத்துக் குளிரில், ஒரு ஞாயிறு மாலை நாங்கள் மூவரும் ஒரு காபிக் கடைக்குச் சென்றோம். மேலே தொங்கிய பலகை முழுவதும் ஆங்கிலமாக இருந்தது.

“தாத்தா, உங்களுக்கு என்ன வேண்டும்?”

“எதுவாயினும் சரி, கண்ணு.”

“எதுவாயினும் என்று இந்தப் பலகையில் ஒன்றும் இல்லையே, தாத்தா!”

தந்தையார் சிரித்துவிட்டார். அவள் பலகையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தமிழில் கூறத் தொடங்கினாள். மாட்சா என்றதும் அவர், “மச்சானா? யாருடைய மச்சான்?” என்றார். “மச்சான் இல்லை தாத்தா, மாட்சா! பச்சைத் தேயிலைத் தூள்” என்று அவள் விளக்கினாள். பின்னர்ச் சூடு, பால், இனிப்பு, தூளின் அளவு என ஒவ்வொன்றையும் வினவினாள். தந்தையாரின் முகம் மலர்ந்தது.

“இது நம் ஊர்க் காபிக் கடை வழக்கம்தானே! அப்படியானால் எனக்குப் பால் வேண்டா; சர்க்கரை வேண்டா. தூள் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும்.”

அவள் அதனை இந்தியில் பணியாளரிடம் கூறினாள். ‘தூக்கலாக’ என்னும் சொல்லுக்கு நேரான சொல் கிடைக்காமல் சற்றுத் தயங்கி, ‘இரண்டு கரண்டி’ என்று அளவாகவே கூறிவிட்டாள். பின்னர் நான் எண்ணியிராத ஒரு வினாவைத் தானாகவே எழுப்பினாள்: “உங்கள் தூளிலேயே சர்க்கரை கலந்திருக்கிறதா?”

அந்த இளைஞர் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். சேர்பொருள்களின் பட்டியலில் முதற்சொல்லே சர்க்கரை. எடையில் மிகுந்த பொருளையே பட்டியலில் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. அவ்வாறாயின் அத்தூளில் தேயிலையைவிடச் சர்க்கரையே மிகுதி! மேலே பாகு ஊற்றாமல் விட்டாலும் தந்தையாருக்கு அது ஏற்றதன்று. அவ்வினா எழாதிருந்தால் எங்களுக்கு இது தெரிந்திராது. இளைஞர் உள்ளே சென்று, சர்க்கரை கலவாத தூள் அடங்கிய சிறிய டப்பாவைக் கொண்டுவந்தார். ஓட்ஸ் பாலைப் பற்றியும் ஒரு செய்தி கூறினார். அதனைச் செய்யும்போதே ஓட்ஸின் மாவுப்பொருளில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுவதால், தனியே இனிப்புச் சேர்க்காவிட்டாலும் அது இனிக்குமாம்.

அவர் மாட்சாவைச் செய்த முறையைத் தந்தையார் அருகில் நின்று உற்றுநோக்கினார். கிண்ணத்தில் தூளைச் சலித்து இட்டார். கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு, 80 பாகை அளவுச் சூட்டில் சிறிது ஊற்றினார். கொதிநீரை அப்படியே ஊற்றினால் கைப்பு மிகுந்துவிடும். பின்னர் மூங்கில் மத்து ஒன்றால் விரைந்து அடித்தார். ஒரே மூங்கில் துண்டின் நுனியை மெல்லிய இழைகளாகக் கீறிச் செய்த மத்து அது. ஜப்பானில் நாரா மாவட்டத்தைச் சேர்ந்த தகயாமா என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. பாத்திரங்களோடு வாழ்ந்த தந்தையாருக்கு அந்த மத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் ஆவல் எழுந்தது. இளைஞரும் மகிழ்ந்து கொடுத்தார்.

ஒரு வாய் பருகியதும் தந்தையார் கண்களை மூடிக்கொண்டார்.

“கசக்கிறதா, தாத்தா?” என்று கேட்டாள் மகள்.

“முதலில் சிறிது கைப்பு. அது போய்விட்டது. இப்போது நாவில் நிற்பது துவர்ப்பு.”

அவளுக்கு அச்சொல் புதியது. இனிக்காத எதனையும் கசப்பு என்றே அவள் கூறிவந்தாள். தந்தையார் பொறுமையாக விளக்கினார். இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, கைப்பு, துவர்ப்பு எனச் சுவை ஆறு. பாக்கும், வாழைப்பூவும், கொய்யாப் பிஞ்சும் துவர்க்கும். “இந்த ஊர்ச் சாலைகளில் மழைக்காலத்தில் உதிர்ந்து கிடக்குமே, நாவற்பழம்! அதைத் தின்றால் நாக்கு இழுத்துப் பிடித்தாற்போல் இருக்குமல்லவா? அதுதான் துவர்ப்பு.”

“ஜாமுன்!” என்று அவள் வியந்தாள். நாவற்பழம் என்றதும் ஔவையாரின் கதையும் உடன் வந்தது. மரத்தின்மேல் இருந்த சிறுவனாகிய முருகன், சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று ஔவையாரிடம் கேட்டானாம். அப்பெரும் புலவரும் அவ்வினாவின் பொருள் விளங்காமல் திகைத்தாராம். “ஔவைப்பாட்டிக்கே எப்படி வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை, நான் எம்மாத்திரம்?” என்றார் தந்தையார். மூவரும் சிரித்தோம்.

அவ்வளவில் அவள் மீண்டும் பணியாளரிடம் சென்றாள். தனக்கு வழக்கமாக வாங்கும் குளிர்ந்த மாட்சாவில் இனிப்பைப் பாதியாகக் குறைக்குமாறு வேண்டினாள். துவர்ப்பு நாவில் தெரிய வேண்டும் என்பதை விளக்க முயன்றாள். ஜாமுனைச் சுட்டி அவள் கூறியதும் அவ்விளைஞர், “ஓ, கசைலா!” என்றார். தமிழ்ச்சொல் ஒன்றைக் கற்றதனால் அவளுக்கு ஓர் இந்திச் சொல்லும் கிடைத்தது. வீடு திரும்பும் வழியில் அவ்விரு சொற்களையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மாணவர்களே! நம் தாத்தா பாட்டியருள் பலர் நமக்காகவே ஊரை விட்டு வந்தவர்கள். தம் ஊரில் எதனையும் உரிமையோடு கேட்டுப் பெற்றவர்கள், மொழி தெரியாத இடத்தில் “எதுவாயினும் சரி” என்று அடங்கிவிடுகின்றனர். விருப்பம் இல்லாமையால் அவர்கள் அவ்வாறு கூறுவதில்லை. கூறினால் பிறருக்குத் தொல்லை என்று எண்ணியே கூறுகின்றனர். அவர்களுக்காக நீங்களே முடிவு செய்து வாங்கித் தருவது எளிது. ஆயினும் ஒவ்வொன்றையும் தமிழில் எடுத்துக் கூறி, அவர்களது விருப்பத்தை அவர்களது சொல்லிலேயே கேட்டு அறியுங்கள். இனிப்பின் அளவைக் கேளுங்கள். தூளிலும் பாலிலும் சர்க்கரை உண்டா என்று கடைக்காரரிடம் வினவுங்கள். மாட்சாவில் காஃபீன் உண்டு. இரவில் உறக்கம் வாராதவருக்கு அதனையும் எடுத்துரையுங்கள். இதற்குத் தேவையானது சிறிது நேரமும் சிறிது தமிழுமே ஆகும்.

என் தந்தையார் இப்போது மாதம் இருமுறையேனும் அக்கடைக்குச் செல்ல விரும்புகிறார். பேத்தி உடன் வந்தால்தான் செல்வார். சென்ற வாரம் ஒரு வாய் பருகியதும் கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்தார். “தூள் போதாது. இரண்டு கரண்டி என்று சொன்னோமே, கேள் அம்மா” என்றார். அவள் சென்று கேட்டாள். இளைஞர் மன்னிப்பு வேண்டி, வேறொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.