பிறப்பிடமும் வதிவிடமும்

பத்திரிகையில் மரண அறிவித்தல்களைச் சரிபார்க்கும் பணி சில காலம் என் மேசைக்கு வந்திருந்தது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும் வரியில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் மறுநாள் உறவினர்கள் வந்து நிற்பார்கள். அதனை வீண் கண்டிப்பு என்றே அன்று எண்ணினேன். போல் ரிவியரின் பூர்வீகத்தைப் படித்தபோதுதான் அந்த ஓர் எழுத்தின் பெறுமதி விளங்கியது.

1775 ஏப்ரல் 18 இரவு, பிரித்தானியப் படை புறப்பட்டுவிட்டது என்று அறிவிக்கப் பொஸ்டனிலிருந்து சென்று குதிரையேறியவர் ரிவியர். பெயரைக் கேட்டால் ஆங்கிலேயர் என்றே தோன்றும். அவருடைய தந்தையோ பிரான்சிலிருந்து வந்த அகதிச் சிறுவன்.

பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தியரான ஹியூகனோக்களுக்கு 1598இல் நாந்துச் சாசனம் வழங்கிய உரிமைகளை, 1685 ஒக்டோபரில் பதினான்காம் லூயி மன்னன் பறித்தான். போதகர்கள் இரண்டு வாரங்களுள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஏனையோர் வெளியேறவே கூடாது. தப்ப முயன்று பிடிபட்ட ஆண்களுக்குத் துடுப்புக் கப்பல்களில் கட்டாய உழைப்பு, பெண்களுக்குச் சிறை. அப்படியிருந்தும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் ஒல்லாந்து, இங்கிலாந்து, பிரஷ்யா எனத் தப்பினர். ஒரு பகுதியினர் அத்திலாந்திக்கைக் கடந்தனர். அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இவர்களோடுதான் அம்மொழிக்குள் வந்தது.

தந்தையின் இயற்பெயர் அபோலோஸ் ரிவ்வார். பிறந்தது 1702 நவம்பர் 30இல், போர்தோவுக்குக் கிழக்கேயுள்ள ரியோக்கோ என்ற சிற்றூரில். இதனை நாம் அறிவது, அவருடைய தந்தை இசாக் எழுதிவைத்த குடும்பக் குறிப்பினால். மகன் பிறந்த நாளையும் நேரத்தையும் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் பதிந்த இசாக், 1715 நவம்பர் 21 அன்று அவன் குவேர்ன்சித் தீவுக்குப் புறப்பட்டதையும் எழுதினார். பதின்மூன்று வயது நிறைய இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன.

குவேர்ன்சியிலிருந்த, தந்தையின் சகோதரரான சிமோன் அவனைப் பொஸ்டனுக்குக் கப்பலேற்றினார். அங்கே ஜோன் கோனி என்ற பொற்கொல்லரிடம் ஒப்பந்தத்தில் தொழில் பயின்றான். 1722இல் கோனி இறந்தபோது, எஞ்சிய ஒப்பந்தக் காலமும் அவருடைய சொத்துகளுள் ஒன்றாக மதிப்பிடப்பட்டது. 40 பவுண் செலுத்தி இளைஞன் தன்னை மீட்டுக்கொண்டான். அக்கணக்கில் அவன் பெயர் போல் ரிவ்வார்: முதற்பெயர் மாறிவிட்டது, குடும்பப் பெயர் தங்கியிருக்கிறது. 1730இல் பொஸ்டன் பத்திரிகையொன்றில், கடை இடம் மாறியதை அறிவிக்கும் விளம்பரத்தில், அவர் போல் ரிவியர். அயலாரின் நாவுக்கு இசைவாகப் பெயர் முழுதும் மாறிவிட்டது.

1754இல் அவர் காலமானபோது மகனுக்கு வயது 19. அம்மகனே 1780களில் குவேர்ன்சியிலும் பிரான்சிலும் இருந்த ரிவ்வார் உறவினர்களோடு கடிதத் தொடர்பு கொண்டார். தந்தையிடம் ஒரு மாலைப்பொழுதில் கேட்டிருக்கக்கூடியவற்றைக் கடல் கடந்து தேட வேண்டியிருந்தது.

புலம்பெயர்ந்த நம் குடும்பங்களிலும் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிறது. ஒரே வயிற்றுப் பிள்ளைகளின் பெயர் இலண்டனில் ஒருவிதமாகவும் பாரிசில் வேறுவிதமாகவும் எழுதப்படுகிறது. மூன்றாம் தலைமுறை எந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிவரும்?

இசாக் செய்தது பெரிய காரியமன்று. பெயர், ஊர், பிறந்த நாள், புறப்பட்ட நாள் ஆகியவற்றைப் பிழையின்றி எழுதிவைத்தார். நானும் ஒரு கொப்பி வாங்கி, பாட்டனாரின் பெயரிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.